புழுங்கல் அரிசிக்காரர்கள்

தயமினை, அதாவது வைட்டமின் பி1ஐ, அளக்க ஒரு பழைய முறை இருக்கிறது. அரிசியை மாவாக அரைத்து நீர்த்த அமிலத்தில் கொதிக்க வைக்க வேண்டும். நொதி சேர்த்துச் சில மணி நேரம் வெதுவெதுப்பில் விட்டு வடிகட்ட வேண்டும். பிறகு காரமும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சேர்த்தால் தயமின் தயோகுரோம் என்ற வேறொரு பொருளாக மாறும். ஐசோபியூட்டனால் ஊற்றிக் குலுக்கினால் அது மேலே பிரிந்து நிற்கும் அடுக்கில் ஏறிக்கொள்ளும். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ் பிடித்தால் நீலமாக ஒளிரும். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் உணவு அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். குழாயைக் கீழே வைக்க மனசே வரவில்லை.

ஆய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொண்ட அக்கா ரசிப்பதற்கெல்லாம் நேரம் தரமாட்டார். "ப்ளாங்க் போட்டியா?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. அதே அரிசி, அதே அமிலம், அதே காரம், ஃபெர்ரிசயனைடு மட்டும் இல்லாத குழாய்க்குப் பெயர் ப்ளாங்க். அரிசியில் ஒளிரக்கூடிய வேறு குப்பைகளும் இருக்கலாம். அவற்றின் ஒளியைக் கழித்தால்தான் தயமினின் கணக்கு கிடைக்கும். "ப்ளாங்க் இல்லாம வர்ற நம்பர் நம்பரே இல்லடா தம்பி" என்பார்.

கருவியைச் சரிபார்க்க இன்னொரு கரைசல் உண்டு. குயினைன் சல்ஃபேட். அதுவும் நீலமாக ஒளிரும், நெடுநாள் மாறாது, அதனால் அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். குயினைன் என்றால் நம் தோட்டத்து ஆட்களின் கொய்னாதான். அன்று மாலை பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கும் பாட்டிக்கு போன் போட்டு, கொய்னா நீலமா எரியுது பாட்டி என்று சொன்னேன். "அந்தச் சனியனா? சின்னப்புள்ளையில வாயத் தொறக்கச் சொல்லி ஊத்துவானுங்க. முழுங்கிட்டோமான்னு நாக்கத் தூக்கிக் காட்டணும்" என்றார்.

அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி புழுங்கல் அரிசி கொண்டுபோனேன். பக்கத்தில் வைத்து ஒப்பிட, செகிஞ்சான் வயல்களில் விளைந்து ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. இரண்டு குழாய்களையும் விளக்கடியில் பிடித்தபோது கருவியே தேவைப்படவில்லை. புழுங்கல் அரிசிக் குழாய் தெளிவாக அதிகம் ஒளிர்ந்தது. பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டை நூறு வருடங்களுக்கு முன்னால், எங்கள் சிலாங்கூரிலேயே, குழாய்களுக்குப் பதிலாக மனிதர்களை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

பெரிபெரி என்ற நோயைப் பற்றி இன்று பரீட்சைக்குப் படிப்பதோடு சரி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவில் அது ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பிறகு சிலருக்குக் கால் வீங்கி, நீர் ஏறி, இதயம் நின்றுவிடும். செத்தவர்களில் பெரும்பாலோர் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், இது கிருமியால் பரவும் தொற்று என்று உறுதியாக நம்பினார். அந்தக் காலத்தில் எல்லா நோய்க்கும் ஒரு கிருமி கிடைத்துக்கொண்டிருந்ததால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லியனார்ட் பிராடன் வேறு ஒன்றைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே கொசு. ஆனாலும் சீனர்கள் சாகிறார்கள். கிராமத்து மலாய்க்காரர்களுக்கு நோய் அபூர்வம். தோட்டத்துத் தமிழர்களுக்கும் அபூர்வம். மூன்று சாராரும் தின்பது அரிசிதான், ஆனால் மூன்றும் வேறு வேறு அரிசி. சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சாப்பிட்டார்கள். தமிழர்கள் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. பிராடன் இதை 1907இல் பெரிய புத்தகமாகவே போட்டார். சோற்றுப் பானையைப் பார்த்தால் நோயைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். காரணத்தில்தான் தவறினார். தீட்டிய அரிசி நாள்பட்டால் அதில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று நினைத்தார்.

கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டங்கள் பெருகியதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். காட்டை அழித்த ஈரத்தில் எங்கள் ஆட்கள் மலேரியாவில் செத்தார்கள், சீதபேதியில் செத்தார்கள். இதைச் சொல்லிவிட வேண்டும். தமிழனுக்குப் பெரிபெரி வராது என்பதைப் படித்துவிட்டு லயத்தில் ஆரோக்கியமாக வாழ்ந்தார்கள் என்று யாராவது கற்பனை செய்துகொள்ளக் கூடாது. சாவதற்கு அங்கே வேறு வழிகள் தாராளமாக இருந்தன. இந்த ஒன்று மட்டும் இல்லை.

பிராடன் சொன்னதைச் சோதித்துப் பார்த்தவர் கோலாலம்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிளெட்சர். இடம், கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகம். 1905இல் அங்கிருந்த 219 பேரில் 94 பேருக்குப் பெரிபெரி வந்தது. 27 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி, நோயாளிகள் எல்லோரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்க வைத்து இடமிருந்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் கிழக்குப்பக்க வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பழையபடி சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண்ணுக்கு மேற்குப்பக்க வார்டு, இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. நடுவில் இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றினார். நோய் கட்டடத்தில் இருக்கிறதா சோற்றில் இருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டுமல்லவா?

1906 கடைசி வரை இது நடந்தது. வெள்ளை அரிசி தின்ற 120 பேரில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற 123 பேரில் ஒருவர்கூட அதனால் இறக்கவில்லை. நோய் கண்டிருந்த இருவரும் காப்பகத்துக்கு வரும்போதே அதோடு வந்தவர்கள்.

மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையை மெச்சுவார்கள். இரண்டு கூட்டம், ஒரே ஒரு வித்தியாசம், நடுவில் இடமாற்றம் என்று பாடம் நடத்தலாம் போல அவ்வளவு சுத்தமாக இருக்கும். நானும் மெச்சினேன். எங்கள் அக்காவின் பாஷையில் ப்ளாங்க் போட்டுச் செய்த வேலை. பிறகு அந்த 18 என்ற எண் உறுத்த ஆரம்பித்தது. வரிசையில் எந்த இடத்தில் நின்றோம் என்பதுதான் உயிர். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லக்கூடிய நிலையில் பலர் இருந்திருக்கமாட்டார்கள். பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "செத்துக்கிட்டு இருக்கிறது தெரிஞ்சும் ஒரு வருசம் முழுக்க அதையே போட்டானா?" ஃபிளெட்சர் பக்கத்திலும் ஒரு பதில் உண்டு. சோதனைக்கு முன்பும் அங்கே எல்லோரும் அதே வெள்ளை அரிசியைத் தின்றுதான் செத்துக்கொண்டிருந்தார்கள், அவர் பாதிப் பேரை அதிலிருந்து எடுத்தார். அந்தப் பதிலைப் பாட்டியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபிளெட்சருக்கே ஐயம் மிச்சமிருந்தது. வெள்ளை அரிசியில் விஷம் இருக்கிறதா, இல்லை தேவையான ஏதோ ஒன்று இல்லாமல் இருக்கிறதா? இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனவர்கள் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டாண்டனும். முதலில் அவர்களும் மனிதர்களிடம்தான் போனார்கள். நெகிரி செம்பிலானில் டூரியான் திப்புஸ் என்ற காட்டுப்பகுதியில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்கள் இரண்டு பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல். ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியது, அரிசியை மாற்றியதும் நின்றது. பிறகு மற்றப் பிரிவுக்கு வெள்ளை அரிசி கொடுத்தார்கள், அங்கேயும் வந்தது. ஆகவே இன விவகாரம் இல்லை. சீன ரத்தம், தமிழ் ரத்தம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சோறுதான்.

அதன்பிறகு கோழிகள். தீட்டிய அரிசி மட்டும் தின்னும் கோழிக்குக் கால் விளங்காமல் போகும் என்று டச்சு மருத்துவர் ஐக்மன் பத்தாவியாவில் 1890களிலேயே கண்டிருந்தார். ஃபிரேசரும் ஸ்டாண்டனும் அதை வைத்துக்கொண்டு பிராடனின் விஷக் கொள்கையைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நோய் தராத புழுங்கல் அரிசியை எடுத்துச் சூடான ஆல்கஹாலில் ஊறவைத்து, கரையக்கூடியதை எல்லாம் வெளியே இழுத்துவிட்டு, மிஞ்சிய சக்கையைக் கோழிக்குப் போட்டார்கள். கோழி விழுந்தது. நல்ல அரிசியிலிருந்து எதையோ எடுத்ததும் அது கெட்ட அரிசி ஆகிவிட்டது. இதில் விஷம் எங்கே இருந்து வரும்? மறுபக்கம், ஆலையில் கழித்துப் போட்ட தவிட்டைத் திரும்பச் சேர்த்துக் கொடுத்தால் கோழிகள் பிழைத்துக்கொண்டன. அதாவது வெள்ளை அரிசியில் இருக்கும் எதுவும் கொல்லவில்லை, அதில் இல்லாத ஒன்றுதான் கொல்கிறது. 'இல்லாதது' ஒரு நோய்க்குக் காரணமாக முடியும் என்பதை அப்போது மனசு ஏற்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். கிருமியை நுண்ணோக்கியில் காட்டலாம், விஷத்தைக் குப்பியில் அடைக்கலாம். இல்லாததை என்ன செய்வது?

ஒரு அளவுகோல் மட்டுமாவது வேண்டும் என்று அவர்கள் பாஸ்பரஸைப் பிடித்தார்கள். அரிசியைச் சாம்பலாக்கி, மாலிப்டேட் சேர்த்து மஞ்சள் வீழ்படிவாக இறக்கும் முறை எல்லா வேதியியல் கூடத்திலும் அப்போதே இருந்தது. நானும் முதலாமாண்டில் அதைச் செய்து கையெல்லாம் மஞ்சளாக்கிக்கொண்டிருக்கிறேன். தவிடு போகப்போகப் பாஸ்பரஸும் குறையும். பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில் 0.4 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் அந்த அரிசி ஆபத்தில்லாதது என்று வரையறுத்தார்கள். பாஸ்பரஸ் மருந்து இல்லை, வெறும் அடையாளம் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. தேடுகிற பொருளின் பெயரும் தெரியாமல், அதன் நிழலை அளந்து, எந்த மூட்டை கொல்லும் எந்த மூட்டை கொல்லாது என்று சொல்ல முடிந்தது. 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு மருத்துவர்கள், தீட்டிய வெள்ளை அரிசியையே தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானம் போட்டார்கள். 1912இல் லண்டனில் ஃபுங்க், தவிட்டுக்குள் இருப்பதற்கு 'வைட்டமைன்' என்று பெயர் வைத்தார். 1926இல் பத்தாவியாவில் யான்சனும் டோனாட்டும் அதைப் படிகமாக்கினார்கள். பத்து வருடம் கழித்து அதே யான்சன் கொடுத்ததுதான் நான் கற்ற நீல ஒளி முறை. அதே 1936இல் அதைச் செயற்கையாகச் செய்துகாட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது சென்னைக்கு வடக்கே நெல்லூரில். நெல்லின் பெயரைத் தாங்கிய ஊர் என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இந்தக் கதையை முதன்முதலாக எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் போட்டபோது உடனே ஒரு மாமாவிடமிருந்து பதில் வந்தது. "நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை." கூடவே கைகூப்பும் பொம்மை. எனக்குச் சங்கடமாக இருந்தது. முன்னோர்கள் முட்டாள்கள் இல்லைதான். ஆனால் அவர்கள் புழுங்கல் அரிசி தின்றது வைட்டமினுக்காக இல்லை. பாட்டியைக் கேட்டால் "பச்சரிசி சோறு வயித்துல நிக்காது, பத்து மணிக்கே பசிக்கும்" என்பார். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களுக்கு வயிற்றில் நிற்கும் சோறு வேண்டும். இரவு மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் கூழாகாமல் இருக்க வேண்டும். பச்சரிசி பொங்கலுக்கு, படையலுக்கு. நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் நீரோடு அரிசிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது, பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை என்பது யாரும் திட்டமிடாமல் கூடவே வந்த லாபம். தமிழன் என்பதாலும் இல்லை. அதே சென்னை மாகாணத்தில் வடக்கே, பச்சரிசி தின்னும் தெலுங்குக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. தெற்கே புழுங்கல் அரிசி தின்னும் மாவட்டங்களில் இல்லை. குன்னூர் ஆய்வகத்தில் மெக்காரிசனும் பிறகு ஐக்ராய்டும் அரிசியை வருடக்கணக்காகக் குடைந்துகொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் வெள்ளைக்கார மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று எழுதவும் கை வரவில்லை. பிராடனின் வாதம் முழுக்க ஒரு ஒப்பீட்டின் மேல் நிற்கிறது. அந்த ஒப்பீட்டில் நோய் வராத பக்கத்தில் நின்றவர்கள் லயத்துக் கூலிகள். அவர்கள் இல்லாவிட்டால் சீனர்களின் சாவைச் சோற்றோடு முடிச்சுப் போட அவ்வளவு எளிதில் வழி கிடைத்திருக்காது. அவர்கள்தான் ப்ளாங்க். ப்ளாங்க் குழாய்க்கு யாரும் பெயர் எழுதுவதில்லை. 'தமிழர்' என்று ஒரு சொல், எதிரே ஒரு எண்.

கோலசிலாங்கூர்க்காரன் என்பதால் இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் வணிகமுறையில் செம்பனையை முதலில் நட்டது எங்கள் பக்கத்தில்தான். 1917இல் தென்னமரம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே நட்டார். (தென்னமரம் என்ற பெயருள்ள தோட்டத்தில் செம்பனை!) ஆலையிலிருந்து வரும் பச்சை எண்ணெய் செக்கச்செவேல் என்றிருக்கும், அது கரோட்டின், உடம்பில் வைட்டமின் ஏ ஆவது. சுத்திகரிப்பில் அதை வெளுத்து எடுத்துவிட்டுத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். அரிசியைத் தீட்டிய கதையேதான், வேறு நிறத்தில்.

1942இல் ஜப்பான்காரன் வந்த பிறகு கப்பல் நின்றது. இந்தியாவிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த அரிசி நின்றது. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு. அதற்கும் மேலே சயாம். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காலரா, மலேரியா, புரையோடிய புண்கள். கூடவே பெரிபெரி. அங்கே கிடைத்தது தீட்டிய வெள்ளை அரிசி, அதுவும் அரை வயிற்றுக்கு. மலாயாவில் பெரிபெரி வராதவர்கள் என்று எழுதப்பட்டிருந்த அதே ஆட்கள். தவிடு கொடுத்தால் பிழைப்பார்கள் என்ற உண்மை 30 வருடத்துக்கு மேலாகக் கோலாலம்பூர் அறிக்கைகளில் அச்சாகி இருந்தது. போர்க்கைதி முகாம்களில் இருந்த வெள்ளைக்கார மருத்துவர்களுக்கு அது தெரியும், எங்கிருந்தாவது தவிடு தேடிப்பிடித்துத் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். தமிழர் முகாம்களில் பெரும்பாலும் மருத்துவரே இல்லை.

பாட்டியின் அப்பா சயாமுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. கூடப்போய்த் திரும்பிய ஒருவர் பாட்டியின் அம்மாவிடம் வந்து சொன்ன சேதி ஒரு வரிதான்: "கால் ரெண்டும் வீங்கிப்போச்சு தாயி, நடக்க முடியல, அப்படியே உக்காந்தாப்ல போய்ட்டாரு." 80 வருடமாக எங்கள் வீட்டில் அந்த வரி மட்டும் இருக்கிறது. பெரிபெரி பற்றிப் படித்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். நரம்பு, வீக்கம், திடீரென்று நிற்கும் இதயம். எல்லாம் பொருந்துகிறது. உடனே பாட்டிக்கு போன் செய்து, உங்க அப்பாவுக்கு என்ன வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லப்போனேன்.

சொல்லவில்லை. கால் வீங்குவதற்குப் பட்டினி மட்டுமே போதும். கொக்கிப்புழு போதும், சிறுநீரகம் கெட்டாலும் போதும். புழுங்கல் அரிசி கிடைத்து அவர் பிழைத்திருந்தால் சொல்லலாம். ஒப்பிட இன்னொரு குழாய் இல்லை. அக்கா இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று தெரியும்.

போனில் வேறு ஏதோ பேசினேன். என்ன சோறு பாட்டி இன்னிக்கு என்று கேட்டேன். "ஒங்கம்மா இப்பல்லாம் வெள்ளரிசிதான் வாங்குறா. புழுங்கலரிசி வேக நேரமாகுதாம்" என்றார்.